பத்து நிமிடமும் ஒரு ஆளும்

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். போர் விமானம் என்றால் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு சிறிய நாடு, அதன் பழைய விமானங்கள் ஓய்வு பெறுகின்றன, புதிதாக 12 வாங்கப் பணம் இருக்கிறது. கிரிப்பன் ஈ, எஃப்-16 பிளாக் 70, எஃப்ஏ-50, ஜேஎஃப்-17, பழைய ரஃபேல் ஐந்தையும் வேகம், ரேடார், ஏவுகணை, வீச்சு, விலை என்று அட்டவணை போட்டு மதிப்பெண் கொடுத்ததில் கிரிப்பன் ஜெயித்தது. தரையிறங்கிப் பத்தே நிமிடத்தில் மறுபடி கிளம்பிவிடும் என்பதற்காக அதற்குத் தனியாக 5 மதிப்பெண் கொடுத்தேன். நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? அமெரிக்கத் தயாரிப்பைத் தவிர்த்தால் யார் தயவும் இல்லாமல் இருக்கலாமா? சின்ன நாட்டுக்குப் போர் விமானமே தேவையா?

ச.

அன்புள்ள ச.,

கேலி செய்பவர்களை விடுங்கள். ஒரு விஷயத்தில் இவ்வளவு ஆசையோடு அட்டவணை போடுகிறவன் எங்கேயாவது போய்ச் சேர்வான். ஆனால் அந்த அட்டவணையைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்கு வருகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நியூசிலாந்து 2001-ல் தன் ஸ்கைஹாக் போர் விமானப் படைப்பிரிவுகளைக் கலைத்துவிட்டது, இன்றுவரை போர் விமானம் இல்லை. பால்டிக் நாடுகள் மூன்றின் வானத்தையும் 2004 முதல் நேட்டோ கூட்டாளிகள் முறை வைத்துக் காக்கிறார்கள். தேவையா இல்லையா என்பது பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதைப் பொறுத்தது. அத்தோடு விடுவோம்.

யார் தயவும் வேண்டாம் என்பது நடக்காத காரியம். உங்கள் கிரிப்பன் ஈ-யின் இன்ஜின் ஜெனரல் எலக்ட்ரிக்கின் எஃப்414. எஃப்ஏ-50-ம் அமெரிக்க இன்ஜினில்தான் பறக்கிறது. குரோஷியா இஸ்ரேலிடம் 12 பழைய எஃப்-16 வாங்கப் பேசி முடித்திருந்தது. இஸ்ரேல் பொருத்திய கருவிகளோடு கைமாற்ற, அதைத் தயாரித்த அமெரிக்கா சம்மதிக்கவில்லை, 2019 ஜனவரியில் பேரம் முறிந்தது. விற்பவர் இருக்கிறார், வாங்குபவர் இருக்கிறார், பணமும் இருக்கிறது. மூன்றாவது ஆள் தலையாட்ட வேண்டும். இதற்கும் மதிப்பெண் போடாதீர்கள்.

இப்போது அந்த 5 மதிப்பெண். உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதனால்தான். கொஞ்ச நாளாக இதே விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

பத்து நிமிடக் கதை பொய்யில்லை. கிரிப்பனை உருவாக்கிய சுவீடன்காரர்கள் அதை நெடுஞ்சாலையிலேயே இறக்கி, எரிபொருள் நிரப்பி, ஏவுகணை மாட்டி அனுப்புகிற ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். அதற்கு எத்தனை பேர் வேண்டும் என்பதும் அதே வாக்கியத்தில்தான் வரும்: ஒரு டெக்னீஷியன், கட்டாய ராணுவ சேவைக்கு வந்த ஐந்து இளைஞர்கள். பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டீர்கள், ஆறு பேரை விட்டுவிட்டீர்கள். அந்த ஐந்து பேரைச் சில மாதத்தில் பழக்கிவிடலாம். அந்த ஒருவர்? அவர் உருவாகப் பல வருடம் ஆகும். கை தேர்ந்ததும் ஏதாவது ஒரு பயணிகள் விமான நிறுவனம் இரண்டு மடங்கு சம்பளம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். பெரிய நாட்டுக்கு அவருக்குப் பின்னால் ஆள் இருக்கும். சின்ன நாட்டில் அவர் போனால் அந்த வேலைக்கே ஆள் இல்லை. யானை வாங்கக் கிளம்புகிற யாரும் பாகனைப் பற்றிக் கேட்பதில்லை.

ஆள் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2014 பிப்ரவரி 17 விடியற்காலை, ரோமுக்குப் போக வேண்டிய எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவுக்குக் கடத்தப்பட்டது. கேப்டன் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்துத் துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டுவிட்டார். கூடவே பறந்து வந்தவை இத்தாலியின், பிரான்சின் போர் விமானங்கள். சுவிட்சர்லாந்திடம் அன்று 30-க்கும் மேல் எஃப்/ஏ-18 போர் விமானங்கள் இருந்தன. ஒன்றுகூட எழும்பவில்லை. மணி ஆறு. அவர்கள் விமானப்படைக்கு அலுவலக நேரம் தொடங்குவது எட்டு மணிக்குத்தான். உலகமே சிரித்தது.

ஆனால் பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அந்தக் குறையைத் தீர்க்க ஒரு விமானம்கூட வாங்கவில்லை. சுமார் 100 பணியிடங்களை உருவாக்கி, படிப்படியாகக் காவல் நேரத்தை நீட்டி, 2020 டிசம்பர் 31 முதல்தான் 24 மணி நேரமும் இரண்டு விமானம் தயார் என்று சொல்ல முடிந்தது. பணக்கார நாடு, விமானம் ஏற்கெனவே கையில், அப்படியும் ஏறக்குறைய ஏழு வருடம்.

விமானப்படையில் தரைப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரோடு நிறையப் பேசியிருக்கிறேன். ஒருநாளும் ஏவுகணையைப் பற்றிப் பேசமாட்டார். கருவிப் பலகையைப் பற்றித்தான் பேசுவார். ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் வடிவத்திலேயே பலகையில் கோடு வரைந்திருக்கும். ஷிஃப்ட் முடியும்போது ஒரு கோட்டுக்குள் கருவி இல்லையென்றால் அந்த விமானம் பறக்காது. ஒருமுறை ஒரு சின்ன ஸ்குரூடிரைவருக்காக ராத்திரி முழுக்கத் தேடி, விடிகிற நேரத்தில் இருக்கைக்கு அடியில் கண்டெடுத்தார்களாம். “யாரும் திட்டல. கெடச்சுதேன்னு எல்லாருக்கும் சந்தோஷம்” என்றார். உதிரிபாகம் வராத காலத்தில் ஒரு விமானத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சிக்கனம். அவர் கணக்கு வேறு: ஒரு பாகத்துக்கு இரண்டு தடவை கழற்றல், இரண்டு தடவை மாட்டல், இரண்டு தடவை சோதனை. ஆள் இல்லாத இடத்தில்தான் வேலை இரட்டிப்பாகும்.

இனி நீங்கள் போட்டிருக்க வேண்டிய கணக்கு. வருடத்துக்கு 8,760 மணி நேரம். ஒரு ஆள் மிஞ்சிப்போனால் 1,800 மணி வேலை செய்வார். ஒரே ஒரு நாற்காலியை வருடம் முழுக்கக் காலியில்லாமல் வைக்க ஐந்து பேர். இரவும் பகலும் இரண்டு விமானம் காவல் நிற்க வேண்டுமானால் விமானிகளே பத்துப் பேர். நேட்டோ அளவுகோல்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 180 மணி பறப்பு என்றால் மொத்தம் 1,800. பன்னிரண்டால் வகுத்தால் விமானத்துக்கு 150. சமாளிக்கலாம். இன்னும் உசத்தியான ரகம் வேண்டுமென்று அதே பணத்துக்கு எட்டே எட்டு வாங்கினீர்களானால்? தலா 225. அந்த எட்டில் இரண்டு பெரிய பராமரிப்பில் கிடந்தால் மிச்சம் ஆறும் தலா 300 மணி பறக்க வேண்டும். பல்கேரியா 2019-ல் முதலில் எட்டு எஃப்-16 தான் எடுத்தது, 2022-ல் இன்னும் எட்டு சேர்த்தது. ஏன் என்று இப்போது உங்களுக்கே புரியும்.

எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? செக் குடியரசும் ஹங்கேரியும் செய்தது போல 14 கிரிப்பனைக் குத்தகைக்கு எடுப்பேன், பழைய சி-டி ரகத்தைத்தான். மிஞ்சும் பணத்தில் டெக்னீஷியன் பள்ளி தொடங்குவேன். உங்கள் அட்டவணையிலும் கிரிப்பன்தான் ஜெயித்தது என்று துள்ளாதீர்கள், காரணம் வேறு. ஜேஎஃப்-17 பற்றி இன்னொரு நாள்.

அட்டவணையைத் திருத்தி அனுப்புங்கள். அதிகபட்ச வேகம் என்ற பத்தியை எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் ஒரு மணி நேரப் பறப்புக்கு எத்தனை மணி நேரப் பராமரிப்பு என்று போடுங்கள். விற்பவர் சொல்லும் எண்ணும், வாங்கிய நாடு சொல்லும் எண்ணும் தனித்தனியாக வேண்டும்.

அன்புடன்.