அப்டேட் போட்டதும் பேட்டரி போச்சு! வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறையப் பேர் ஒரே புகாரைச் சொல்லியிருக்கிறார்கள். லேப்டாப்பில் அப்டேட் ஏறியது, அதிலிருந்து பேட்டரி சரியில்லை. அதனால் மிக்சி, தண்ணீர் மோட்டார் கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

அண்ணாச்சி, போன வாரம் விண்டோஸ் 11-இல் பெரிய அப்டேட் ஒன்று தானாக ஏறியது. அதுவரை நாலு மணி நேரம் நின்ற பேட்டரி இப்போது ஒன்றரை மணி நேரம்கூட நிற்கவில்லை. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் காட்டினேன். "பேட்டரி போச்சு, 4,800 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். மாற்றிவிடவா? பேட்டரி ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
முதுகலை மாணவி, பாளையங்கோட்டை

மாற்ற வேண்டாம், தங்கச்சி. அந்தப் படம் அனுப்பினீர்களே, அதுதான் உங்கள் பணத்தைக் காப்பாற்றியது. அதில் டிசைன் கெபாசிட்டி 41,040 என்றும், ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 36,900 என்றும் இருக்கிறது. முதல் எண், பேட்டரி புதிதாக வந்தபோது இருந்த கொள்ளளவு. இரண்டாவது, இன்று இருப்பது. சுமார் 90 சதவீதம் மிச்சம் இருக்கிறது. இந்த பேட்டரியைப் போச்சு என்று சொன்னவர் அதைச் சோதிக்கவே இல்லை.

மற்றவர்களும் இதை எடுத்துப் பாருங்கள். ஸ்டார்ட் பட்டனைத் தட்டி சிஎம்டி என்று அடித்தால் கறுப்புத் திரை வரும். அதில் ஆங்கில எழுத்தில் பவர் என்று அடித்து, இடம் விடாமல் சி, எஃப், ஜி மூன்றையும் ஒட்டி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். ரிப்போர்ட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அதுவே சொல்லும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்குக் கீழே போயிருந்தால் பேட்டரி மாற்றும் பேச்சை எடுக்கலாம். 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குற்றவாளி வேறு.

பெரிய அப்டேட் ஏறினால் ஒன்றிரண்டு நாள் லேப்டாப்புக்கு உள்ளே ஓயாத வேலை. ஃபைல்களைத் தேடுவதற்கான பட்டியலைப் புதிதாகப் போடும், வைரஸ் சோதனை ஓட்டும், மற்ற ஆப்களையும் இறக்கும். ஃபேன் சத்தம் கேட்டிருப்பீர்கள். ஓர் இரவு சார்ஜரில் போட்டு, இன்டர்நெட்டோடு, தூங்கவிடாமல் வைத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். அப்புறம் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட்டவுன் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி இருந்தால், ஷட்டவுன் செய்தாலும் பழைய நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து அதிலிருந்தே தொடங்கும்.

அதன் பிறகும் அப்படியே இருந்தால் செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி என்று போனால் எந்த ஆப் எவ்வளவு குடித்தது என்ற கணக்கு இருக்கும். பவர் மோட் 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று மாறியிருக்கிறதா பாருங்கள். டிஸ்பிளே டிரைவரை, அதாவது திரையை இயக்கும் சின்ன மென்பொருளை, உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்கிப் போடுங்கள். எதுவும் பலிக்கவில்லையென்றால் ரிக்கவரியில் 'கோ பேக்' இருக்கிறது. பெரிய அப்டேட்டுக்குப் பிறகு 10 நாள்தான் அந்த வழி திறந்திருக்கும். உங்களுக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் மிச்சம்.

அப்டேட்டுக்குப் பிறகு 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது. என்ன கோளாறு?
சேரன்மகாதேவி வாசகர்

கோளாறு இல்லை, பேட்டரி ஆயுளுக்காக 80-இல் நிறுத்தும் அமைப்பு ஆன் ஆகியிருக்கிறது, லேப்டாப் கம்பெனியின் ஆப்பில் போய் வேண்டுமானால் அணைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்பவர் என்றால் அப்படியே விடுங்கள்.

அப்டேட் போட்ட பிறகு டச்பேட் வேலை செய்யவில்லை. அழுத்தினால் கல் மாதிரி இருக்கிறது. மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது. டிரைவர் மாற்ற வேண்டுமா?
களக்காடு வாசகர்

டிரைவரும் இல்லை, அப்டேட்டும் இல்லை. பேட்டரி உப்பி டச்பேடைக் கீழிருந்து தள்ளுகிறது. இதைப் படித்ததும் அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டரில் கழற்றித் தரச் சொல்லுங்கள். கழற்றியதைப் பழைய இரும்புக் கடையில் போடக் கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு அதைச் சந்தையில் விற்ற கம்பெனிக்கு இருக்கிறது. அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

அண்ணாச்சி, நான் தையல் வேலை செய்கிறேன். மகன் படிப்புக்காக நாலு மாதம் முன்பு லேப்டாப்புக்கு ஒரு கடையில் பேட்டரி வாங்கிக் கொடுத்தேன். 2,300 ரூபாய். "பில் போட்டால் 18 சதவீதம் வரி சேரும், வேண்டாம்" என்றார். ஆறு மாதம் கியாரண்டி என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். இப்போது 20 நிமிடம்கூட நிற்கவில்லை. கேட்டால், "பையன் அப்டேட் போட்டுக் கெடுத்துவிட்டான்" என்கிறார். பில் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியாதா?
அம்பாசமுத்திரம் வாசகி

முடியும் அக்கா. முதலில் மகனிடம் சொல்லுங்கள், அவன் எதையும் கெடுக்கவில்லை. அப்டேட் சார்ஜை வேகமாகக் குடிக்க வைக்கலாம். நாலு மாத பேட்டரியின் கொள்ளளவைத் தின்றுவிடாது. மேலே பாளையங்கோட்டைத் தங்கச்சிக்குச் சொன்ன ரிப்போர்ட்டை எடுங்கள். இரண்டாவது எண் விழுந்து கிடந்தால் அது மட்டமான பேட்டரி என்பதற்கு உங்கள் கையில் உள்ள சாட்சி.

எனக்கும் இது நடந்தது. 2019-இல் பழைய லேப்டாப் ஒன்றுக்கு 'ஆறு செல், 4,400' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரி வாங்கினேன், பில் இல்லாமல், 400 ரூபாய் குறைத்து. மூன்று மாதத்தில் சாய்ந்தது. அந்த வகைச் செல் ஒன்று சுமார் 45 கிராம் இருக்கும். ஆறு சேர்ந்தால் கூடு இல்லாமலே 270 கிராம். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், கூடோடு சேர்த்து 190 கிராம் காட்டியது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் பிரித்தார். உள்ளே மூன்று செல், மிச்ச இடத்தில் பஞ்சு அட்டை. கடைக்குப் போனேன். "பில் எங்கே?" என்று கேட்டார். வேண்டாம் என்று என்னைச் சொல்ல வைத்தவரே கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதனால் பில் விஷயத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பில் தராமல் விற்பது கடைக்காரர் உங்களுக்குச் செய்யும் சலுகை இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பலகை மாட்டியிருப்பார்கள். பழுதான பொருளுக்கு அந்தப் பலகை செல்லாது. பில்லில் கெடு எதுவும் எழுதாவிட்டால், 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அதே சட்டத்தில் குற்றம் சொல்லப்பட்ட நடைமுறைதான். குறைத்துக் கொடுக்கிற 400 ரூபாய் வரியில் மிஞ்சியது மட்டும் இல்லை. பிறகு நீங்கள் வந்து நிற்கும்போது உங்களைத் தெரியாது என்று சொல்வதற்கு அவர் முன்கூட்டியே கொடுக்கும் விலை. நம் ஊர்க் கடைகளில் முகம் பார்த்துப் பழகுகிறோம், பில் கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று கூசுகிறோம். கூச வேண்டாம். நல்ல கடைக்காரர் கேட்காமலே தருவார்.

உங்களிடம் பில் இல்லை. ஆனால் பணத்தைப் போனில் அனுப்பியிருந்தால் அந்த வரவு-செலவுப் பதிவு இருக்கும். கியாரண்டி வாட்ஸ்அப்பில் இருக்கிறது, அழித்துவிடாதீர்கள். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, 15 நாளுக்குள் பேட்டரியை மாற்ற வேண்டும் அல்லது பணம் திரும்ப வேண்டும் என்று கேட்டு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்கிறது. கடிதம் எழுதத் துணை வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், வாசகம் நான் போட்டுத் தருகிறேன்.

அடுத்த பேட்டரி வாங்கும்போது அதன் மேல் ஐ.எஸ். 16046 என்றும், ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று காட்டும்.

மூன்றாவது தடவையாக எழுதுகிறேன். ராத்திரி 90 சதவீதத்தில் மூடி வைத்தால் காலையில் 55 தான் இருக்கிறது. பஸ்ஸில் பையிலிருந்து எடுத்தால் சுடுகிறது. அப்டேட்தான் காரணம். நான் ஷட்டவுன் செய்வதில்லை, மூடி வைப்பதுதான் வழக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, பேட்டரி ரிப்போர்ட் எல்லாம் பார்க்கவில்லை.
வள்ளியூர் வாசகர்

போன இரண்டு தடவையும் ஒரே பதில்தான் எழுதினேன், தம்பி. ஹைபர்னேட்டில், அதாவது திறந்திருப்பதை எல்லாம் சேமித்துவிட்டு முழுதாக அணையும் நிலையில், போடுங்கள் என்றேன். போட்டுப் பார்த்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் மூடி வைத்தாலும் உள்ளே பாதித் தூக்கம்தான். இன்டர்நெட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும், மெயில் வாங்கும், அப்டேட்டையும் இறக்கும். அதைக் காற்று போகாத பையில் திணித்து, வள்ளியூரிலிருந்து திருநெல்வேலி வரை வெயிலில் கொண்டு போனால் சுடாமல் என்ன செய்யும்? லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸில் 'மூடியை மூடினால்' என்ற இடத்தில் ஹைபர்னேட்டைத் தேர்ந்தெடுங்கள். ஓர் இரவு சோதித்து, காலையில் எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். அது வராமல் நாலாவது கடிதத்துக்குப் பதில் போட மாட்டேன்.

ரிப்போர்ட் பார்க்காமல் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குவது டயரைப் பார்க்காமல் பழைய பைக் வாங்குவது. விற்பவர் முன்னாலேயே இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

அப்டேட் முடிந்ததிலிருந்து சார்ஜர் மாட்டினாலும் ஏறவில்லை.
தென்காசி வாசகர்

சார்ஜரைக் கழற்றி, அணைத்து, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். பிறகும் ஏறாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் பேட்டரீஸ் என்பதன் கீழே 'ஏ.சி.பி.ஐ.' என்று வருகிற பேட்டரியை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள், அது தானாகத் திரும்ப வந்துவிடும். சார்ஜரின் வாட் எண்ணையும் பாருங்கள். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு நான் ஒருமுறை விலை குறைவு என்று 45 வாட் வாங்கி, வேலை செய்யும்போதே சார்ஜ் இறங்குவதைப் பார்த்து ஒரு மாதம் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். விண்டோஸ் 10 லேப்டாப், இன்டெல் ஆறாம் தலைமுறை. "விண்டோஸ் 10-ஐ நிறுத்திவிட்டார்கள், அதனால்தான் பேட்டரி இறங்குகிறது. புதுசு 48,000 ரூபாய்" என்கிறார் கடைக்காரர். உண்மையா?
கல்லிடைக்குறிச்சி வாசகர்

பாதி உண்மை ஐயா, அந்தப் பாதியை வைத்துத்தான் உங்கள் பென்ஷனைத் தொடப் பார்க்கிறார். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை வேண்டும், உங்களுடையது சேராது. இவ்வளவும் சரி. அதற்கும் பேட்டரி இறங்குவதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. வீட்டு உபயோகத்துக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளப் பதிவு செய்யும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கிறது. மெயில், தினசரி, பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால் என்று எழுதியிருக்கிறீர்கள். பில்லோடு ஒரு நல்ல பேட்டரி போதும். கெடு முடிந்த பிறகும் அந்த லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டலாம். குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவு தொல்லை என்றால் அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்திவிட்டால் என்ன?
மேலப்பாளையம் வாசகர்

கூடாது. வங்கிக் கணக்கு பார்க்கும் லேப்டாப் அது. விண்டோஸ் 11-இல் ஐந்து வாரம் வரை தள்ளிப்போட வசதி இருக்கிறது. பரீட்சை நேரத்திலும் வேலை நெருக்கடியிலும் அதைப் பயன்படுத்துங்கள், கெடு முடிந்ததும் சார்ஜரை மாட்டிவிட்டு ஏற்றிவிடுங்கள்.