உங்களுக்குப் பிடித்த பாடகர் யார்? விரும்பிப் பார்த்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் எவை?

சுவர்ணலதா. இதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. நிகழ்ச்சிகள் என்றால் 'பாட்டுக்குப் பாட்டு', 'மர்மதேசம்'. என் மனதில் இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே சொல்கிறேன்.

சின்ன வயதில் எனக்கும் அக்காவுக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' வரும்போது தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வோம். குரல் வந்த உடனே யார் பாடுவது என்று சொல்ல வேண்டும். அம்மாதான் நடுவர். அம்மாவுக்கும் தெரியாவிட்டால் கேசட் அட்டையைத் தேடி எடுப்போம். சுசீலா, ஜானகி, சித்ரா என்றால் முதல் வரி முடிவதற்குள் சொல்லிவிடுவோம். ஒரே ஒரு குரலிடம்தான் திரும்பத் திரும்பத் தோற்றோம்.

'சத்ரியன்' படத்தில் 'மாலையில் யாரோ மனதோடு பேச' என்று தனக்குள்ளேயே பேசிக்கொள்வது போலப் பாடியவரும், 'கேப்டன் பிரபாகரன்' படத்தில் 'ஆட்டமா தேரோட்டமா' என்று அதிர அதிரப் பாடியவரும் ஒரே ஆள் என்பதை அட்டையில் பார்த்த பிறகும் அக்கா நம்பவில்லை. அச்சுப் பிழையாக இருக்கும் என்றாள். அதற்குப் பிறகு 1994-இல் 'காதலன்' வந்தது. 'முக்காலா முக்காபுலா'வில் மனோவோடு பாடும் பெண் யார் என்று கேட்டதற்கு நான் வேறு ஏதோ பெயர் சொல்லி மறுபடியும் தோற்றேன்.

1987-இல் 'நீதிக்குத் தண்டனை' படத்துக்காக எம்.எஸ்.விஸ்வநாதன் இசையில், யேசுதாஸோடு சேர்ந்து 'சின்னஞ்சிறு கிளியே' பாடித்தான் சுவர்ணலதா திரையில் அறிமுகமானார். அப்போது அவருக்கு 14 வயது. 'மாலையில் யாரோ' பாடியது 17 வயதில். அந்த வயதுப் பெண்ணுக்கு அவ்வளவு நிதானம் எப்படி வந்தது என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

அவர் பாட்டில் ஒன்றே ஒன்றைக் கேட்கச் சொல்வதென்றால் 'கருத்தம்மா'வின் 'போறாளே பொன்னுத்தாயி'யைச் சொல்வேன். ஏ.ஆர்.ரகுமான் இசையில் பாடிய அந்தப் பாட்டுக்குத்தான் தேசிய விருது கிடைத்தது. இதே மெட்டு படத்தில் இரண்டு முறை வரும். உன்னி மேனனும் சுஜாதாவும் பாடுவது சந்தோஷமான வடிவம். சோகமான வடிவம் சுவர்ணலதாவுடையது. முதலில் அதையும் பிறகு இதையும் கேட்டுப் பாருங்கள். சோகப் பாட்டில் விம்மலாம், குரலைத் தழுதழுக்க வைக்கலாம். இவர் அப்படிக் கேட்பவரைப் பிடித்து உலுக்கவே இல்லை. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்து நடக்கத் தொடங்கிய ஒருத்தியின் குரல் அது. 'போறாளே' என்ற சொல்லின் கடைசியில் 'ளே' நீண்டு மெல்லத் தேயும். அந்த இடத்தில் ஹெட்போனில் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேட்டால், தூரத்தில் போகிறவளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது போலவே இருக்கும். நான் இதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். இன்னும் அந்த 'ளே' வரும்போது செய்துகொண்டிருக்கும் வேலை தானாக நின்றுவிடுகிறது.

சரி, நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். எங்கள் வெள்ளிக்கிழமை விளையாட்டையே யாரோ பெரிய அளவில் நடத்துவது போலத்தான் 'பாட்டுக்குப் பாட்டு' எனக்குத் தெரிந்தது. நடத்தியவர் இலங்கை வானொலியிலிருந்து வந்த பி.எச்.அப்துல் ஹமீது. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் போட்டியாளர் பாட வேண்டும், அவ்வளவுதான் போட்டி. ஆனால் அவர் பேசும் தமிழுக்காகவே வீட்டில் எல்லோரும் உட்காருவோம். ஒவ்வொரு ழகரமும் ளகரமும் அதனதன் இடத்தில் இருக்கும். பாடுபவர் ஒரு சொல்லை மாற்றிப் பாடிவிட்டால் மனம் நோகாமல் சரியான சொல்லை எடுத்துக் கொடுப்பார். பாட்டுக்கு வரி எவ்வளவு முக்கியம் என்பதை நான் அவரிடம்தான் கற்றேன்.

'மர்மதேசம்' இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய மர்மத் தொடர். அதிலும் நாகா இயக்கிய 'விடாது கருப்பு' பகுதிதான் என் உயிர். வேட்டைக்கார ஆவேசத்தோடு குதிரையில் வரும் கருப்பைப் பார்த்துப் பயந்ததைவிட, அது வருவதற்கு முன் கேட்கும் குளம்பொலிக்குத்தான் அதிகம் பயந்தேன். கண்ணை மூடிக்கொண்டால் பயம் போகும் என்று நினைத்தால் கூடத்தான் செய்தது. கதை பழைய காலத்துக்கும் இன்றைக்குமாக மாறி மாறிப் போகும். எது தெய்வம், எது மனிதனின் வேலை என்று வாரா வாரம் அக்காவோடு சண்டை. அதற்குப் பிறகு எத்தனையோ தொடர்கள் வந்தன, சிலவற்றை விரும்பியும் பார்த்தேன். ஆனால் அடுத்த வாரம் வரை தலைக்குள் ஒலித்துக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்.

இப்போதைய பாட்டுப் போட்டிகளையும் பார்ப்பதுண்டு. பாடுபவரின் வீட்டுக் கஷ்டத்தைச் சோக இசையோடு காட்டும் பகுதிகளை என்னால் பார்க்க முடிவதில்லை, தள்ளிவிடுவேன். ஆனால் ஒரு சின்னப் பெண் மேடையேறி 'எவனோ ஒருவன் வாசிக்கிறான்' என்று தொடங்கினால் எழுந்திருக்க மாட்டேன். 'அலைபாயுதே' பாட்டு, 2000-இல் வந்தது. புல்லாங்குழலுக்கும் சுவர்ணலதாவின் குரலுக்கும் நடுவில் எவ்வளவு அமைதி விட்டிருக்கிறார்கள் என்பது இன்னொருவர் பாட முயலும்போதுதான் நன்றாகத் தெரிகிறது. அந்த அமைதியை அவசரப்பட்டு நிரப்பாத பிள்ளைகளை எனக்கு மிகவும் பிடித்துவிடும்.

2010 செப்டம்பர் 12 அன்று சுவர்ணலதா காலமானார். 37 வயதுதான். நுரையீரல் நோய். செய்தியை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன், திரையின் கீழே எழுத்தாக ஓடியது. பிறகு அவருடைய புகைப்படத்தைக் காட்டினார்கள். அத்தனை வருஷம் அவர் பாட்டு வரும்போதெல்லாம் திரையில் வேறு ஒருவர் முகம்தான் இருந்தது, நானோ அதற்கும் முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன். அவர் முகத்தை நின்று நிதானமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அக்காவுக்கு ஃபோன் செய்தேன். எடுத்தவள் ஒன்றும் பேசவில்லை. அவள் வீட்டுத் தொலைக்காட்சியில் 'மாலையில் யாரோ' ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடியும் வரை இரண்டு பேரும் ஃபோனை வைக்கவில்லை.