பரட்டை விக்கிறதோ, வைச்சிருக்கிறதோ

அண்ணைக்கு வணக்கம்,

எங்கட வட்ஸ்அப் குறூப்பில ரெண்டு கிழமையா ஒரே அடிபாடு. 2026 பெப்ரவரி 5, ஆள் மாத்திற ட்ரேட் டெட்லைனுக்கு முதல், எங்கட ரொறன்ரோ என்.பி.ஏ. கூடைப்பந்து ரீம் ராப்டர்ஸ், ஆர்.ஜே. பரட்டையும் ஒரு பிக்கையும் (ட்ராஃப்ட் எண்ட புதுப்பெடியள் தெரிவில ஒரு ஆளை எடுக்கிற உரிமை) குடுத்து 50 மில்லியன் சம்பளக்காரன் ஒரு பெரிய ஆளை எடுக்கவேணும் எண்டு ஒரு பக்கம். அவன் மிசிசாகாப் பெடியன், எங்கட ஊர்ப்பிள்ளையை விக்கிறதோ எண்டு மற்றப் பக்கம். ரெண்டு பேர் குறூப்பை விட்டே போயிட்டினம். அப்பா என்னெண்டால் ராப்டர்ஸின்ர பழைய நட்சத்திரம் டெரோசனை அனுப்பின நாளில இருந்து இந்த ரீமை நம்புறேல்ல, விசுவாசமில்லாத கூட்டம் எண்டுதான் இப்பவும் சொல்லுவார். நீங்கள் 2023 பெப்ரவரியில ஒருத்தரையும் விக்காதையுங்கோ, ஒரு சென்டர்தான் குறை எண்டு எழுதினது எனக்கு ஞாபகம் இருக்கு. இப்பவும் அதே கருத்தோ? மற்றது, எங்கட கையில ஒண்டுமே இல்லாத விசயத்துக்கு இப்பிடி அடிபடுறது விசர் வேலைதானே?

ஒரு மார்க்கம் வாசகன்

*

தம்பி,

2023இல எழுதினதை ஞாபகம் வைச்சிருக்கிறீங்கள் எண்டதும் முதல்ல ஒரு சந்தோசம், அடுத்த வரியை வாசிக்கேக்க முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்ல. ஓம், எழுதினனான். அழிக்கேல்ல, கிடக்கட்டும் எண்டு விட்டிருக்கிறன். அந்த நேரம் வன்ஃப்ளீட், சியாகம், அனுனோபி, ஸ்கொட்டி பார்ன்ஸ் எண்டு நாலு நல்ல பெடியள் இருந்தும் ஒரு மட்ச் வெல்லுறது ஒரு மட்ச் தோக்கிறது எண்டு போய்க்கொண்டிருந்தது, நடுவில ஒரு உயரமான ஆள் வந்தால் எல்லாம் சரிவரும் எண்டு எனக்குப் பட்டது, அப்ப ரீமை நடத்தின மசாய் உஜிரிக்கும் அப்பிடித்தான் பட்டிருக்கு போல. அந்தாள் பிழைவிட்டால் மில்லியன் கணக்கில போகும், நான் பிழைவிட்டால் மூண்டு வருசம் கழிச்சு உங்கட கடிதம் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

என்ன செய்தவை எண்டு ஒருக்கா திருப்பிப் பாப்பம். 2016இல நாங்களே ட்ராஃப்டில எடுத்து, 2018இல டெரோசனோட சேர்த்து சான் அன்ரோனியோவுக்கு அனுப்பின அதே ஒஸ்ரியாக்காரன் பேர்ட்டிலை, ஒரு முதல் சுற்று பிக், ரெண்டு இரண்டாம் சுற்று பிக், அதோட கெம் பேர்ச்சையும் குடுத்துத் திருப்பி வாங்கினம். அடகு வைச்ச சங்கிலியை வட்டியோட மீட்ட மாதிரி. அந்த நாலு பேரில ஒருத்தரையும் விக்கேல்ல. சீசன் 41 வெற்றி 41 தோல்வி எண்டு முடிஞ்சுது, பிறகு ஏப்ரல் 12 சிக்காகோவோட, தோத்தால் வெளிய போற பிளே-இன் மட்ச், எங்கட மண்ணில, 36 ஃப்ரீ த்ரோவில (ஆரும் மறிக்காமல் எறியிற பந்து) 18 ஐ விட்டாங்கள், எதிர்ப்பக்கம் நிண்டது டெரோசன், அவற்ற சின்ன மகள் எங்கட ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவுக்கும் அரங்கம் அதிரக் கத்தினது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். உங்கட அப்பா அண்டைக்குச் சிரிச்சிருப்பார் எண்டு நினைக்கிறன்.

அது தோல்வி, தோல்வி எல்லாருக்கும் வரும். எனக்கு நெஞ்சில இடிச்சது ஜூலையில. வன்ஃப்ளீட் கொன்ட்ராக்டை விட்டு வெளிய வந்து ஹூஸ்ரனுக்குப் போயிட்டார், மூண்டு வருசத்துக்கு கிட்டத்தட்ட 130 மில்லியன் டொலர். எங்களுக்கு ஒரு பழைய சப்பாத்துக்கூட மிஞ்சேல்ல. அடுத்த சீசன் 25-57. பேர்ட்டிலுக்காகக் குடுத்த பிக் முதல் ஆறுக்குள்ள விழுந்தால் எங்களுக்கு, அதுக்கு வெளியில போனால் சான் அன்ரோனியோவுக்கு எண்டு பேச்சு, நாங்கள் நிண்டது கீழ இருந்து சரியா ஆறாவது இடத்தில, பிக் வரிசையைக் குலுக்கிற லொத்தரில எட்டாவதுக்கு வழுக்கி அதுவும் போச்சு. அண்டைக்கு இரவு நான் வீட்டில ஒருத்தரோடயும் கதைக்கேல்ல.

என்ர பிழை பேர்ட்டில் இல்லை, அவர் நல்ல பிளேயர். நான் பெப்ரவரியைப் பார்த்துக்கொண்டு ஜூலையைப் பாக்காமல் விட்டன். டெட்லைன் நேரம் எங்கட ஆக்கள் எல்லாரும் அடிபடுறது இவன் நல்லவனோ கூடாதவனோ, அவன் கூட ஸ்கோர் பண்ணுவானோ இவன் பண்ணுவானோ எண்டு. அந்த நேரம் கேக்கவேண்டிய கேள்வி, இவற்ற கொன்ட்ராக்ட் எப்ப முடியுது, முடியேக்க இவரை எடுக்க ஆரிட்டக் காசு இருக்கு. இந்த ரெண்டாவது பாதியை நான் கனகாலம் விளங்காமல் இருந்தனான்.

எங்கட பழைய நட்சத்திரம் லவுரியைப் பாருங்கோ. 2021, கொரோனாவால ரீம் தம்பாவில கிடந்து விளையாடின வருசம், டெட்லைன் மார்ச் 25, அண்டைக்கு லவுரிக்கு 35 வயசு நிறைஞ்ச பிறந்தநாள். லேக்கர்ஸ், மயாமி, பிலடெல்பியா எண்டு பேர் அடிபட்டுக்கொண்டிருக்கு, முதல்நாள் மட்ச் முடிய அந்தாள் பிரியாவிடை மாதிரிக் கதைச்சிட்டுப் போனார், பிறகு பாத்தால் ஆளை விக்கேல்ல. கொன்ட்ராக்ட் முடியப்போற ஆளைச் சும்மா வைச்சிருக்கிறாங்களே எண்டு எல்லாரும் மசாயைத் திட்டினம். ஆனால் கோடையில லவுரி போக விரும்பின மயாமியிட்ட நேரடியா எடுக்கிற அளவுக்குக் காசு இடம் இல்லை, லீக் வைச்ச சம்பள உச்சவரம்பில முட்டிக்கொண்டு நிண்டவை, அதால எங்களோட பேசித்தான் எடுக்கவேண்டி வந்தது, டிராகிச்சும் அச்சுவாவும் வந்தினம். அந்த அச்சுவா பிறகு 2023 டிசம்பர் கடைசியில அனுனோபியோட சேர்ந்து நியூயோர்க்குக்குப் போக, அங்க இருந்து வந்தவைதான் குயிக்லியும் நீங்கள் இப்ப விக்கிறதோ எண்டு அடிபடுற பரட்டும். அதாவது லவுரியை விக்காமல் விட்டதில ஒரு துண்டு இண்டைக்கும் ரீமுக்குள்ள ஓடித்திரியுது. வன்ஃப்ளீட் விசயத்தில ஹூஸ்ரனிட்ட அந்த வரம்புக்குக் கீழ வெறும் இடம் நிறைய இருந்தது, அவங்களுக்கு எங்களைக் கேக்க வேண்டிய தேவையே இல்லை. ரெண்டுதரமும் நாங்கள் செய்தது ஒரே வேலை, எதிர்ப்பக்கத்தின்ர பொக்கற்றை எண்ணிப் பாக்கேல்ல.

உங்கட குறூப்பில பரட்டும் ஒரு பிக்கும் எண்டு கணக்குப் போடுற பக்கத்துக்கு ஒண்டு சொல்லவேணும். (பரட்டை விக்கப்போறாங்களாம் எண்டு நான் ஃபோனில சொல்ல என்ர மனுசி ஆரின்ர பரட்டை, வெட்டினால் காணாதோ எண்டு கேட்டா. அதை விடுவம்.) பிக்குக்குச் சம்பளம் இல்லை தம்பி. ட்ரேட்டில சம்பளத்துக்குச் சம்பளம் கிட்டமுட்ட ஒத்துவரவேணும், இந்த வருசம் பரட் எடுக்கிறது 27 மில்லியன் சொச்சம், அதை அனுப்பிப்போட்டு 50 மில்லியன் எடுக்கிற ஆளைக் கொண்டுவர லீக் விடாது, நீங்கள் பத்து பிக் சேர்த்தாலும் விடாது. கூட இன்னொரு பெரிய சம்பளம் போகவேணும், அது ஆர் எண்டு கேட்டால் குறூப்பில இன்னும் நாலு பேர் வெளிய போவினம்.

இதுக்கு நல்ல உதாரணம் புரூஸ் பிறவுண். 2024 ஜனவரியில சியாகமை இந்தியானாவுக்குக் குடுக்கேக்க வந்தவர், அந்தக் கோடையில அவருக்கு 23 மில்லியன் டொலர் ஒப்சனை (இன்னொரு வருசம் வைச்சிருக்கிற உரிமை) ரீம் எடுக்க, நானும் இஞ்ச ரிம் ஹோட்டன்ஸில கோப்பி குடிச்சுக்கொண்டு இவருக்கு ஏன் 23 மில்லியன் எண்டு நாலு பேருக்கு முன்னால வியாக்கியானம் பண்ணினனான். விசயம் என்னெண்டால் அது பிறவுணுக்காக எடுத்த ஒப்சன் இல்லை, தராசில வைக்கிற படிக்கல்லு. அடுத்த பெப்ரவரியில அவற்ற 23, ஒலினிக்கின்ர கிட்டத்தட்ட 13, கூட்டினால் 36, பிரண்டன் இங்கிரம் எடுத்துக்கொண்டிருந்தது 36. இந்தியானாவிட்ட வாங்கின ஒரு பிக்கையும் ஒரு இரண்டாம் சுற்று பிக்கையும் மேல போட்டு இங்கிரமை எடுத்து வேலையை முடிச்சாங்கள். ஒலினிக்கும் சியாகமுக்குக் கிடைச்ச இன்னொரு பிக்கைக் குடுத்து யூட்டாவிட்ட வாங்கின ஆள்தான். சியாகம் போன வழியால கடைசியில இங்கிரம் வந்து சேர்ந்திருக்கிறார், நடுவில ஒரு வருசம் நாங்கள் எல்லாரும் கத்திக்கொண்டு நிண்டம். அதுக்காக சியாகம் ட்ரேட் லாபம் எண்டு சொல்லமாட்டன், அந்தாள் 2025இல இந்தியானாவை ஃபைனலுக்குக் கொண்டுபோனவர், கிழக்கு ஃபைனலில சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். ஒரு வருசம் முந்தி வித்திருந்தால் கூட விலை வந்திருக்கும் எண்டுதான் இப்பவும் நினைக்கிறன், ஆனா அந்த ஒரு வருசத்துக்கு முந்தி விக்காதையுங்கோ எண்டு எழுதினது நான்.

இதை வாசிச்சிட்டு அப்ப எல்லாரையும் நேரத்துக்கு விக்கவேணும் எண்டு நீங்கள் போய் குறூப்பில போட்டிடாதையுங்கோ. நான் இந்த நாட்டுக்கு வந்தது 1995, ராப்டர்ஸ் விளையாடத் தொடங்கினதும் அதே வருசம், அதால எங்கட முதல் பெரிய நட்சத்திரம் வின்ஸ் காட்டர் கதையை முழுசா இருந்து பாத்தனான். 2004 டிசம்பரில நியூ ஜேர்சிக்கு ஆளைக் குடுத்தாங்கள். வந்ததில பெரிய பேர் அலோன்சோ மோர்னிங், அந்தாள் ஒருநாளும் எங்கட உடுப்புப் போடேல்ல, காசைக் குடுத்து வெளிய விட்டவை. மற்ற ரெண்டு வில்லியம்ஸ்மாரின்ர பேரை இண்டைக்கு ஆரும் ஞாபகம் வைச்சிருக்கிறியளோ? ஆள் போகத்தான் போறான் எண்டு சந்தைக்கே தெரிஞ்ச பிறகு விக்கிறது, வீட்டை பாங்க் எடுக்கப்போகுது எண்டு தெரிஞ்ச பிறகு வீட்டை விக்கிற மாதிரி. பிறகு அந்தாள் வாறபோதெல்லாம் பத்து வருசம் ஊவெண்டு கத்தினம், 2024 நவம்பரில அவற்ற 15ஆம் நம்பரை மேல ஏத்தேக்க நானும் எழும்பி நிண்டு கைதட்டினனான்.

உங்கட அப்பாவின்ர கதைக்கு வாறன், அவரோட வாதிட எனக்கு விருப்பமில்லை. 2009இல இருந்து ஒன்பது சீசன், 2016இல வேற ரீம் ஒண்டோடயும் பேசாமல் திருப்பிக் கையெழுத்து வைச்ச ஆள் டெரோசன். அந்த நேரம் பெரிய ஆக்கள் எவரும் இந்தக் குளிருக்க இருக்க விரும்பேல்ல, காட்டர் போனார், பொஷ் போனார், இவர்தான் நான் இருக்கிறன் எண்டவர். இஞ்ச பனிக்க வந்து இறங்கி, ஊருக்குத் திரும்பிறதில்லை எண்டு தெரிஞ்சுகொண்டு ஸ்காபரோவில வீடு வாங்கின எங்கட அப்பாமாருக்கு அந்தாளை ஏன் பிடிச்சதெண்டு எனக்கு விளங்குது. விக்கமாட்டம் எண்ட நினைப்பில இருந்த ஆளை 2018 ஜூலையில அனுப்பினவை, மசாயே பிறகு வெளிப்படையா மன்னிப்புக் கேட்டவர். அதுக்குப் பிறகு டெரோசனுக்குப் பதிலா கவாய் லெனர்ட் வந்து, நாலுதரம் வளையத்தில குதிச்சு விழுந்த பந்து, 2019 ஜூன் 13 சம்பியன் கப், ஒரு மாசத்தில அவரும் கலிபோர்னியாவுக்குப் போயிட்டார், அவருக்கும் எங்களுக்கு ஒண்டும் கிடைக்கேல்ல. ஆனால் அது வன்ஃப்ளீட் மாதிரி ஏமாந்தது இல்லை. ஏலச்சீட்டை முதல் மாசமே பெரிய கழிவில எடுத்தாலும் அந்தக் காசில பிள்ளையின்ர கலியாணம் நடந்தால் கழிவைப் பற்றி ஆர் கதைக்கிறது? அந்த வருசம் பெப்ரவரியிலயும் ஏழு வருசம் கிடந்த வலன்ச்சுனாஸை மெம்பிஸுக்கு அனுப்பி மார்க் கசோலை எடுத்தவை, கசோல் இல்லாமல் பிலடெல்பியாவின்ர எம்பீடை ஆர் மறிச்சிருப்பான். அதுவும் சரி, அப்பாவின்ர கோவமும் சரி. ரெண்டையும் ஒரே மேசையில வைச்சுச் சாப்பிடத்தான் வேணும்.

எங்கட கையில ஒண்டும் இல்லை எண்டு கேட்டீங்கள். 2025 பெப்ரவரி 1 இரவு டலஸ்காரர் தங்கட நட்சத்திரம் லூக்கா டொன்சிச்சை லேக்கர்ஸுக்குக் குடுத்து அன்ரனி டேவிஸை எடுத்தவை, 25 வயசுப் பெடியன், அதுக்கு முதல் சீசன் ஃபைனல் வரை கொண்டுபோனவன். உலகத்தில எந்த குறூப்பிலயும் எந்த விசரனும் அப்பிடி ஒரு ட்ரேட்டைப் பகிடிக்குக்கூடச் சொல்லேல்ல, செய்தி போட்டவரின்ர கணக்கை ஆரோ களவெடுத்திட்டாங்கள் எண்டுதான் முதல்ல நினைச்சவை. டலஸ் சனம் அரங்கத்துக்கு வெளியில சவப்பெட்டி கொண்டுவந்து வைச்சுது, மனேச்சரை நிப்பாட்டு எண்டு மட்ச் மட்சாக் கத்திச்சுது, அந்த நவம்பரில அவரை நிப்பாட்டியே விட்டவை. சனம் கத்தினதால மட்டுமோ எண்டால் இல்லை, ரீம் தோத்துக்கொண்டும் இருந்தது. ஆனா காதில விழாமல் இருந்திருக்காது.

பரட் விசயத்தில என்ர கருத்து இது, 2027இல நீங்கள் திருப்பி எடுத்துக்காட்டலாம். அவற்ற கொன்ட்ராக்ட் 2027 கோடை வரைக்கும் இருக்கு, இந்த பெப்ரவரியில விக்க ஒரு அவசரமும் இல்லை, முப்பது தாண்டின முழங்கால் நோவுக்காரன் ஒருத்தனுக்காக விக்கவே வேண்டாம். வாற கோடையில நீட்டிப்புப் பேசிப்பாக்கவேணும், ரெண்டு பக்கமும் விலை ஒத்துவரேல்ல எண்டால் அடுத்த பெப்ரவரிக்கு முதல், மிசிசாகாவோ மார்க்கமோ எண்டு பாக்காமல், நல்ல விலைக்கு விக்கவேணும். அண்டைக்கு நான் அழுதுகொண்டு விக்காதையுங்கோ எண்டு எழுதினால் இந்தப் பந்தியை வெட்டி எனக்கே அனுப்புங்கோ.

டெட்லைன் முடியிற வியாழக்கிழமை 3 மணிக்கு நான் வேலையில நிப்பன், ஃபோன் லொக்கருக்குள்ள. 3.30க்கு பிரேக். அதுக்குள்ள ஆராவது போயிருந்தால் ஒரு மெசேச் போட்டு விடுங்கோ, குறூப் அடிபாட்டை அனுப்பாதையுங்கோ, பேரை மட்டும்.