உதட்டைப் பார்த்தவர்களும் குரலைக் கேட்டவர்களும்

கேள்வி: எட்கர் பெர்கன் என்ற அமெரிக்கர் பொம்மையைப் பேசவைத்து வானொலியில் புகழ்பெற்றாராமே? உதடு அசைகிறதா என்று யாராலும் பார்க்க முடியாத இடத்தில் உதடு அசையாமல் பேசிப் பொம்மையே பேசுவதுபோலக் காட்டும் வென்ட்ரிலோக்விசம் செய்வது சுத்த ஏமாற்று வேலை அல்லவா?

பதில்: யாரை ஏமாற்றினார்? அவர் உதடு அசைவதை ஊரறியப் போட்டு உடைத்ததே அவர் மடியில் உட்கார்ந்திருந்த சார்லி மெக்கார்த்தி என்ற மரப் பொம்மைதானே! தன் குறையைத் தன் பொம்மையின் வாயாலேயே சொல்லவைத்துச் சிரிப்பாக்கியவரை ஏமாற்றுக்காரர் என்பதை என்னால் ஏற்க முடியாது.

'ப', 'ம' போன்ற எழுத்துகள் உதடு ஒட்டாமல் பிறப்பதில்லை. ஆகவே இக்கலைஞர்கள் நாக்கை மேலே ஒட்டி, 'த', 'ந' சாயலில் ஒலி எழுப்பி நம் காதை நம்பவைக்கிறார்கள். கடும் பயிற்சி கேட்கும் வித்தைதான். ஆனால் ஒருவர் பேச்சை இன்னொருவர் வெட்டிப் பேசுவதை ஒரே தொண்டையால் செய்துகாட்டுவது அதைவிடக் கடினம். பெர்கன் நிதானமாக அறிவுரை சொல்லிக்கொண்டிருப்பார். எந்த அசையில் தன் வாக்கியத்தை அறுத்தால் சார்லி குறுக்கே பாய்ந்ததாகத் தோன்றுமோ, சரியாக அங்கே நிறுத்திக் குரலை மாற்றவேண்டும். வானொலியில் இதை மறைக்கத் திரை ஏது? துடுக்குக்காரன் சார்லி, அவருடைய இன்னொரு பொம்மையான மந்தபுத்திக்காரன் மார்ட்டிமர் ஸ்னெர்ட் என்று ஒவ்வொருவரையும் குரல் ஒன்றாலேயே நேயர்கள் இனம்கண்டார்கள். 1936 டிசம்பரில் பாடகர் ரூடி வாலியின் வானொலி நிகழ்ச்சிக்கு விருந்தினராக வந்த பெர்கனுக்கு அடுத்த மே மாதமே என்.பி.சி. வானொலியின் ஞாயிறு இரவு நிகழ்ச்சியில் நிரந்தர இடம் கிடைத்தது. சிறு இடைவெளி நீங்கலாக 1956 வரை அவர் வானொலியில் நிலைத்திருந்தார். நகைச்சுவை நடிகர் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் மரப் பொம்மையான சார்லியை ரம்பத்தைக் காட்டி மிரட்டுவதும், சார்லி அவருடைய குடிப்பழக்கத்தைக் குத்திக்காட்டுவதும் அக்காலத்தில் பெரும் விருந்து. இருவரும் 1939இல் திரைப்படத்திலும் மோதினார்கள்.

சினிமா உலகம் பெர்கனுக்கு என்ன மரியாதை செய்தது? 1938இல் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தது, வாய் அசையும் மரச்சிலையாக! எல்லோரும் ரசித்தார்கள், எனக்கு ஆற்றாமைதான். நகைச்சுவைக் கலைஞனுக்கு விருது கொடுக்கும்போதும் அதை விளையாட்டாக்கிவிடும் இந்த வழக்கத்தோடு இப்பக்கத்தில் பலமுறை சண்டையிட்டிருக்கிறேன், இனியும் விடப்போவதில்லை.

தொலைக்காட்சியில் அவருக்கென ஒரு தொடர் நிகழ்ச்சி 1956இல்தான் அமைந்தது, அதுவும் வினாடி வினா. நெருக்கக் காட்சியில் (குளோசப்) உதட்டையே உற்றுப் பார்க்கும் கேமரா, இரண்டு மனிதர்களின் உரையாடலை ஒரு மனிதனின் வாயாகச் சுருக்கிவிடுகிறது என்பது என் கட்சி. பொம்மை இல்லாவிட்டால் பெர்கன் பூஜ்யம் என்று நினைப்பவர்கள், 1948இல் வந்த 'ஐ ரிமெம்பர் மாமா' படத்தில் கூச்ச சுபாவமுள்ள தோர்கெல்சனாக அவர் தனியாக நடித்திருப்பதைப் பார்க்கவேண்டும். நீங்களும் பாருங்கள், பிறகு எழுதுங்கள்.