ஒரே கோப்பு, இரண்டு செயலிகள்: மெய்நிகர் இயந்திரக் கேள்வி–பதில்

கேள்வி: வேக்ரன்ட் (இயந்திரங்களைக் கோப்பின்படி அமைக்கும் கருவி), விர்ச்சுவல்பாக்ஸ் (அவற்றை ஓட்டும் மென்பொருள்) இரண்டையும் கொண்டு மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகளை, தானியங்கியாக அமைக்கும் கோப்பு ஒன்றை இன்டெல் கணினியில் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதே கோப்பை ஒரு வரியும் மாற்றாமல் ஆப்பிளின் எம் வரிசைச் செயலி உள்ள மடிக்கணினியில் இயக்கினால் இயந்திரம் எழுவதே இல்லை; காத்திருப்பு நேரம் முடிந்துவிட்டதாக மட்டுமே செய்தி வருகிறது. நேரத்தைக் கூட்டியும் பார்த்துவிட்டேன்.

பதில்: காத்திருப்பு நேரத்தைக் கூட்டுவதால் இங்கே எந்தப் பயனும் இல்லை. வேக்ரன்ட் இயல்பாக 300 விநாடிகள் காத்திருந்து, விருந்தினர் இயந்திரத்துடன் (உள்ளே ஓடும் மெய்நிகர் இயந்திரத்துடன்) எஸ்எஸ்ஹெச் என்னும் தொலை இணைப்பு முறை வழியாகத் தொடர்பு கிடைக்காவிட்டால் அந்தச் செய்தியைக் காட்டுகிறது. இயந்திரம் மெதுவாக எழுகிறதா, எழவே முடியாத நிலையில் இருக்கிறதா என்பதை அச்செய்தி சொல்வதில்லை. உங்கள் இயந்திரம் இரண்டாவது நிலையில் இருக்கிறது.

மெய்நிகராக்கம் புதிய செயலி ஒன்றை உருவாக்கித் தருவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். விருந்தினர் இயந்திரத்தின் கட்டளைகளில் பெரும்பாலானவை உங்கள் கணினியின் உண்மையான செயலியிலேயே நேரடியாக ஓடுகின்றன. சிறப்பு உரிமை தேவைப்படும் இடங்களில் மட்டுமே, மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் ஹைப்பர்வைசர் குறுக்கிடுகிறது. வேகம் குறையாமல் இருப்பதற்கு அதுவே காரணம். வேறு செயலிக் குடும்பத்துக்காகத் தொகுக்கப்பட்ட கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அங்கே ஓட முடியாமல் போவதற்கும் அதுவே காரணம். நீங்கள் பயன்படுத்தும் 'பாக்ஸ்' என்பது இன்டெல் கணினியின் எக்ஸ்86-64 செயலிக் குடும்பத்துக்கான கர்னலும் நிரல்களும் அடங்கிய வட்டுப் படிமம். 2020 நவம்பரில் வெளிவந்த எம்1 முதற்கொண்டு அந்த வரிசைச் செயலிகள் அனைத்தும் ஆர்ம்64 குடும்பத்தைச் சேர்ந்தவை. 2024-இல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.1 பதிப்பு ஆப்பிள் செயலிகளில் ஓடும் என்றாலும், ஆர்ம் விருந்தினர்களை மட்டுமே அது அங்கே ஏற்கும்.

ஆகவே ஆர்ம்64 படிமமும் சேர்த்து வெளியிடப்பட்டுள்ள பாக்ஸைத் தேர்ந்தெடுங்கள். வேக்ரன்ட் 2.4 முதல் ஒரே பெயரின் கீழ் பல செயலிக் கட்டமைப்புகளுக்கான படிமங்களை வைக்க முடியும். உங்கள் கணினிக்குப் பொருந்துவதை அது தானே தேர்ந்துகொள்ளும். ஆனால் கட்டமைப்பு குறிக்கப்படாத பழைய பாக்ஸ்கள் எந்த எச்சரிக்கையும் இன்றி இறங்கிவிடக்கூடும். தவறு துவக்கத்தின்போதுதான் வெளிப்படும். படிமம் எந்தச் செயலிக்கானது என்பதை அதன் பெயரிலேயே எழுதாமல் வெளியிடுவது பிறருடைய பல மணி நேர உழைப்பை வீணாக்கும் செயல் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: எங்கள் மென்பொருள் ஒன்று எக்ஸ்86-இல் மட்டுமே ஓடும் என்பதால் ஆர்ம்64 கணினியில் கியூஎமு என்னும் மென்பொருள் கொண்டு எக்ஸ்86 இயந்திரத்தை எழுப்பினேன். எழுகிறது, ஆனால் தானியங்கி அமைப்பு பாதியில் நிற்கிறது, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில்.

பதில்: வெவ்வேறு இடத்தில் நிற்கிறது என்று நீங்கள் குறித்திருப்பதே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. ஸ்கிரிப்டில் தவறு இருந்தால் ஒரே இடத்தில் நிற்கும். இடம் மாறினால் நேர வரம்புகளையே முதலில் ஐயுற வேண்டும். இங்கே நடப்பது எமுலேஷன்: விருந்தினரின் ஒவ்வொரு கட்டளைத் தொகுதியையும் கியூஎமு உங்கள் செயலிக்குரிய கட்டளைகளாக மொழிபெயர்த்து ஓட்டுகிறது; கேவிஎம் (லினக்ஸ் கர்னலின் மெய்நிகராக்க வசதி) போன்ற வன்பொருள் உதவி இதற்குக் கிடையாது. உள்ளே, லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஒரு சேவை தொடங்குவதற்கு இயல்பாக 90 விநாடிகள் மட்டுமே தருகிறது. நேரடி ஓட்டத்தில் அது தாராளமான அளவு. எமுலேஷனில் பெரிய தரவுத்தளம் ஒன்று அதைத் தாண்டிவிடக்கூடும். இயந்திரத்துக்குள் சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் கட்டளையை இயக்குங்கள்: 'கியூஎமு' என்று விடை வந்தால் எமுலேஷன், 'கேவிஎம்' என்று வந்தால் வன்பொருள் உதவியுடன் ஓடுகிறது.

உங்களுக்கு உண்மையில் முழு எக்ஸ்86 இயந்திரம் தேவையா, அந்த ஒரு மென்பொருள் ஓடினால் போதுமா என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றே போதுமெனில் ஆர்ம்64 லினக்ஸை நேரடி வேகத்தில் எழுப்பி, அதற்குள் கியூஎமுவின் பயனர் நிலை எமுலேஷன் வழியாக அந்த நிரலை மட்டும் ஓட்டலாம். மேக் கணினியானால் 2022-இல் வந்த மேக்ஓஎஸ் 13 முதல் லினக்ஸ் விருந்தினருக்குள்ளேயே, எக்ஸ்86 நிரல்களை மொழிபெயர்க்கும் ஆப்பிளின் ரொசெட்டாவைப் பயன்படுத்த முடிகிறது. முழு இயந்திரமும் வேண்டுமென்றால், பொதிகளை (மென்பொருள் தொகுப்புகளை) ஒருமுறை பொறுமையாக நிறுவி, அந்த வட்டை அடிப்படைப் படிமமாகச் சேமித்துக்கொண்டு, அடுத்த முறையிலிருந்து அதையே தொடக்கமாகக் கொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்ம்64 படிமத்துக்கு மாறிய பின் இயந்திரம் எழுகிறது. ஆனால் முதல் துவக்கத்தில் இயந்திரத்தை அமைக்கும் கருவியான கிளவுட்-இனிட் இயக்கும் ஸ்கிரிப்ட் இறுதியில் தோல்வியடைகிறது. பதிவில் 'நிரல் வடிவப் பிழை' என்ற பொருளில் ஒரு வரி மட்டும் இருக்கிறது. திருத்திவிட்டு மறுபடி தொடங்கினாலும் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

பதில்: இறக்கப்படும் நிரல் வேறு செயலிக்குரியது என்பதே அந்த வரியின் பொருள். ஸ்கிரிப்டில் எங்கேனும் ஒரு முகவரிக்குள் 'ஏஎம்டி64' என்று நேரடியாக எழுதப்பட்டிருக்கும், அதைத் தேடுங்கள். பெயர்க் குழப்பமும் இங்கே உண்டு. ஒரே செயலிக் குடும்பத்தை லினக்ஸின் யூநேம் கட்டளை 'ஏஆர்ச்64' என்றும், டெபியன் வழிப் பொதி நிர்வாகி 'ஆர்ம்64' என்றும் சொல்கின்றன. எக்ஸ்86-64 என்பதும் ஏஎம்டி64 என்பதும் அவ்வாறே ஒன்றின் இரு பெயர்கள். யூநேம் தரும் விடையை அப்படியே முகவரியில் ஒட்டுவதால் இல்லாத கோப்பைக் கேட்டு, சேவையகம் திருப்பி அனுப்பும் பிழைப் பக்கத்தையே நிரல் என்று எண்ணிச் சேமித்துவிடும் ஸ்கிரிப்டுகளும் உண்டு. பொதிக் களஞ்சியத்தின் முகவரியையும் பாருங்கள்: உபுண்டு 24.04-இல் ஏஎம்டி64 பொதிகள் முதன்மைக் களஞ்சியத்திலும் ஆர்ம்64 பொதிகள் 'போர்ட்ஸ்' என்னும் தனிக் களஞ்சியத்திலும் உள்ளன. முகவரிகளை மாற்றி எழுதும் ஸ்கிரிப்ட் இவ்வேறுபாட்டை அறியாவிட்டால் பொதிகள் கிடைக்கவே மாட்டா.

ஷெல் ஸ்கிரிப்ட் இயல்பாக ஒரு வரி தோற்றாலும் அடுத்த வரிக்குச் சென்றுவிடும். எனவே தொடக்கத்தில் 'செட் -ஈ' சேர்த்தால் உண்மையான இடத்திலேயே நிற்கும். திருத்தம் பலிக்காததற்குக் காரணம் வேறு: கிளவுட்-இனிட் இத்தகைய ஸ்கிரிப்டை ஓர் இயந்திர அடையாளத்துக்கு ஒருமுறை மட்டுமே இயக்கும். அதன் 'கிளீன்' கட்டளையை இயக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள், அல்லது அடையாள எண்ணை மாற்றுங்கள்.

கேள்வி: கியூஎமுவில் ஆர்ம்64 இயந்திரத்தைத் தொடங்கினால் வெற்றுத்திரை மட்டுமே தெரிகிறது.

பதில்: எக்ஸ்86 இயந்திர வகைகளைப் போல, ஆர்ம்64-க்கான கியூஎமுவின் 'விர்ட்' இயந்திர வகைக்குப் பயாஸ் (துவக்க மென்பொருள்) தானே ஏற்றப்படுவதில்லை, அதன் வேலையைச் செய்யும் யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் கோப்பை நீங்களே குறிப்பிட வேண்டும். அதன் தொடர் கன்சோலின் (எழுத்து வடிவ வெளியீட்டு வழியின்) பெயரும் 'டிடிஒய்எஸ்0' அன்று, 'டிடிஒய்ஏஎம்ஏ0'. கர்னல் அளவுருவில் பழைய பெயர் இருந்தால் இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் திரை வெறுமையாகவே இருக்கும். அதில் ஐடிஈ என்னும் பழைய வட்டு இணைப்பும் இல்லாததால், கிளவுட்-இனிட்டுக்கான அமைப்புத் தகவல் அடங்கிய 'சிஐடேட்டா' வட்டை விர்ட்ஐஓ என்னும் மெய்நிகர் இணைப்பு வழியாக இணையுங்கள்.