குங்ஃபூ கற்றவர் எம்எம்ஏ வீரர் முன் தாக்குப்பிடிப்பாரா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் சீனாவின் செங்டு நகரத்து வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். 2017 ஏப்ரலில் சு சியாவ்தோங் என்ற எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைப் போட்டி) பயிற்சியாளர், வெய் லெய் என்ற தாய்ச்சி (மெதுவான அசைவுகளுக்குப் பேர்போன சீனச் சண்டைக்கலை) ஆசானை அரை நிமிடத்துக்குள் கீழே சாய்த்துக் குத்திய வீடியோ. அதைப் பார்த்துவிட்டு, சேர்ந்திருக்கும் குங்ஃபூ வகுப்புக்கு அடுத்த மாதமும் பணம் கட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கிறவராக இருக்கலாம். இல்லை, நண்பனோடு பந்தயம் கட்டியிருக்கலாம். எதுவானாலும் என் பதில் ஒன்றுதான். எதிர்த்து அடிக்கும் ஆளோடு மோதிப் பழகியவர் தாக்குப்பிடிப்பார், பழகாதவர் விழுவார். கற்ற கலை எந்த நாட்டுடையது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"நீ என்ன பெரிய சண்டைக்காரனா?" என்று கேட்க ஒரு கூட்டம் வரும். இல்லை. போட்டி மேடையில் ஏறியதே இல்லை. மலேசியாவின் ஈப்போவில் விங் சுன் என்ற குங்ஃபூ பாணியைக் கற்றேன், பிறகு வேலைக்காகக் கோலாலம்பூர் போன இடத்தில் முவாய் தாய் என்ற தாய்லாந்துச் சண்டைக்கலையைக் கற்றேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன், அவ்வளவுதான்.

ஈப்போவில் என் சிஃபு, அதாவது குங்ஃபூ ஆசான், சீன மருந்துக்கடை வைத்திருந்தார். எலும்பு பிசகினால், சுளுக்கு விழுந்தால் எங்கள் பகுதித் தமிழர்களும் அவரிடம்தான் போவார்கள். என் அப்பாவுக்குத் தோள்பட்டை பிசகியபோது கூடப் போனவன்தான் நான், அப்படியே மாணவனாகிவிட்டேன். கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடத்தில் பாடம். சீனப் பையன்களோடு கண்டனீஸ், என்னோடு மலாய். முதல் பல மாதங்கள் நின்ற இடத்தில் நின்றபடியே கையை மட்டும் மெதுவாக நீட்டி மடக்குகிற சியூ நிம் தாவ் என்ற பயிற்சி. அதற்குப் பிறகு சீ சாவ். இருவர் எதிரெதிரே நின்று முன்கைகளை ஒட்ட வைத்துக்கொண்டு, எதிராளி எந்தப் பக்கம் அழுத்துகிறான் என்பதைத் தோலாலேயே உணர்ந்து கை போடும் பயிற்சி அது. நான் வேகம் காட்டினால் "பெலான், பெலான்" என்பார். மெதுவாக, மெதுவாக.

கையுறை மாட்டிக்கொண்டு நிஜமாக அடித்துக்கொள்வது அங்கே கிடையாது. அவர் அதை மறைக்கவும் இல்லை. "குத்துச்சண்டைக்காரனை என் மாணவன் ஜெயிப்பான்" என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. சு சியாவ்தோங் வீடியோவைப் பகிர்ந்து "எல்லா சிஃபுவும் ஏமாற்றுக்காரன்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான். 2020இல் ஷாண்டோங்கில் 69 வயது தாய்ச்சி ஆசான் மா பாவ்குவோ ஒரு சண்டையில் அரை நிமிடத்தில் மூன்று முறை விழுந்ததை வைத்து உலகமே சிரித்தது. அந்த மனிதர் வாய்ச்சவடால் விட்டார், சரி. அதற்காக மருந்துக்கடைக் கிழவர் என்ன பாவம் செய்தார்?

கோலாலம்பூருக்கு வருகிறேன். முவாய் தாய் கூடத்தில் முதல் ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, யாரோடு தெரியுமா? பகலில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பையன், என்னைவிடக் குள்ளம், சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் விங் சுன் நிலையில், நெஞ்சுக்கு நேரே கைகளை நீட்டி நின்றேன். அவன் கைக்கே வரவில்லை. முன்தொடையில் ஓர் உதை. சுர்ரென்றது. பாய்ந்து சங்கிலிக் குத்து (இரு கையாலும் அடுத்தடுத்து விடும் குத்துகள்) விடலாம் என்று நெருங்கினால் வயிற்றில் பாதத்தை வைத்துத் தள்ளிவிட்டான். மறுபடி தொடையில் உதை. என் கைகள் காத்திருந்தது அவன் கை வந்து ஒட்டுவதற்காக. அவன் கையோ வந்த வேகத்தில் திரும்பிப் போய்விடுகிறது. ஒட்டினால்தானே உணர முடியும்? அன்று மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

இதோடு நிறுத்தினால் எம்எம்ஏ ரசிகர்களுக்குக் கொண்டாட்டமாக இருக்கும். ஆனால் மிச்சக் கதையும் உண்டு. காலை உயர்த்தித் தொடை உதையைத் தடுக்கக் கற்றுக்கொண்டபின், ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு முழங்காலால் இடிக்கும் கிளிஞ்ச் பயிற்சிக்கு வந்தோம். அங்கே நிலைமை மாறியது. கிளிஞ்சில் கைகள் ஒட்டியே இருக்கும். யார் கை உள்பக்கம் போகிறதோ அவர் கழுத்தைப் பிடிப்பார், அவர்தான் மற்றவரை ஆட்டிவைப்பார். எதிராளி அழுத்தினால் விட்டுக்கொடுத்து உள்ளே நுழைவதும், அவன் தளர்ந்தால் இறுக்குவதும் எனக்கு யோசிக்காமலே வந்தது. அதே வங்கிப் பையன் என் பிடியிலிருந்து வெளியே வரத் தவித்தான். பயிற்சியாளர் "இதை எங்கே படித்தாய்?" என்று கேட்டார். மருந்துக்கடை என்றேன். நம்பவில்லை.

ஆக, அந்தக் கலைக்குள் சரக்கு இருக்கிறது. ஆனால் தூரத்திலிருந்து உள்ளே வரும் வரை உடையாமல் வந்து சேரும் வழியை அந்தக் கொட்டகை எனக்குக் கற்றுத்தரவில்லை. முகத்துக்கு நேராக நிஜமான அடி வரும்போது என்ன செய்வது என்பதும் அடி வரும் இடத்தில்தான் பழகும்.

"எங்கள் கலை உயிர் எடுக்கும் கலை, கண்ணைக் குத்துவோம், குரல்வளையை உடைப்போம், அதனால்தான் விதிமுறை உள்ள மேடைக்கு வருவதில்லை" என்று சிலர் சொல்வார்கள். ஆடும் தலையில் ஒரு குத்து வைக்க முடியாதவர், அதே தலையில் உள்ள கண்ணை எப்படித் தொடுவார்?

சீனர்களுக்கே இது தெரியாத விஷயம் இல்லை. 1928இல் நான்ஜிங்கில் மத்திய குவோஷு நிலையம் என்ற சீனச் சண்டைக்கலை அமைப்பு தேசியத் தேர்வு நடத்தியது. லெய்தாய் எனப்படும் உயர்ந்த மேடையில் நிஜமான மோதல். காயம் எக்கச்சக்கமாகிப் போனதால் கடைசிச் சுற்றை நடத்தாமலே நிறுத்தும்படி ஆயிற்று. 1954 ஜனவரியில் ஹாங்காங் பக்கத்து மக்காவ் நகரில் தாய்ச்சிப் பரம்பரையின் வூ கோங்யீயும் வெள்ளைக் கொக்குப் பாணியின் சான் ஹாக்ஃபூவும் மோதிய படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. இருவரும் பேர்பெற்ற ஆசான்கள். பார்த்தால் பாதி நேரம் தெருச்சண்டை போல இருக்கும். மூக்கில் ரத்தம் வழிந்ததும் இரண்டாம் சுற்றிலேயே நிறுத்தி, வெற்றி தோல்வி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் நான் இந்த இருவரையும் கேலி செய்ய மாட்டேன். வூ கோங்யீக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் மேடை ஏறினாரே!

அதே ஐம்பதுகளில் சீன அரசு வூஷுவை, அதாவது சீனச் சண்டைக்கலைகளை, உடற்பயிற்சியாகவும் மதிப்பெண் போடும் ஆட்டமாகவும் மாற்றத் தொடங்கியது. பூங்காக்களில் இன்று பார்க்கும் 24 அசைவுத் தாய்ச்சி 1956இல் உருவானது. கட்டற்ற மோதலுக்கு மறுபடி கதவு திறந்தது 1979 வாக்கில்தான். அப்படி வளர்ந்ததுதான் சாண்டா. குத்து, உதை, அதோடு எதிராளியின் காலைப் பிடித்துத் தூக்கி வீசுவது. அந்த வீச்சுகளில் பெரும்பகுதி ஷுவாய் ஜியாவ் என்ற பழைய சீன மல்யுத்தத்திலிருந்து வந்தவை. சாண்டாவிலிருந்து எம்எம்ஏவுக்கு வந்த கங் லீ 2008இல் ஃபிராங்க் ஷாம்ராக் என்ற எம்எம்ஏ வீரரின் கையை உதைத்தே உடைத்துப் பட்டம் வாங்கினார். ஜாங் வெய்லி 2019இல் ஷென்ஜெனில் 42 வினாடியில் யுஎஃப்சி என்ற பெரிய எம்எம்ஏ அமைப்பின் பட்டம் வென்றார். அவரும் சாண்டா பழகியவர். மணிப்பூரின் ரோஷிபினா தேவி ஆசிய விளையாட்டில் வெண்கலமும் பிறகு வெள்ளியும் வாங்கியது சாண்டாவில்தான்.

"சாண்டா பாரம்பரியம் இல்லை, குத்துச்சண்டையின் காப்பி" என்று இப்போது ஒருவர் வருவார். கையுறையும் குத்தும் வெளியிலிருந்து வந்திருக்கலாம். லெய்தாய் யாருடையது? ஷுவாய் ஜியாவ் யாருடையது? தோற்றால் பாரம்பரியம், ஜெயித்தால் நவீனம் என்று கணக்கு எழுதினால் எந்தக் கலைதான் தேறும்?

சொல்ல வந்ததை விட்டு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பல நாள் ஆத்திரம். நான் விங் சுன் கற்றேன் என்று எந்தத் தமிழ்க் குழுவில் எழுதினாலும் ஐந்து நிமிடத்தில் ஒருவர் வந்து "அதைச் சீனாக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நம்ம காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான்" என்கிறார். ஒரு படம் வந்தாலும் வந்தது, இந்தத் தொல்லை தாங்கவில்லை. ஐயா, போதிதர்மர் பெரிய ஜென் குரு, மறுக்கவில்லை. ஆனால் குங்ஃபூவுக்குப் பேர்போன ஷாவ்லின் மடத்துச் சண்டைக்கலையை அவரோடு கட்டிவைப்பது யீஜின் ஜிங் என்ற நூல். அது 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. அதைப் பழையதாகக் காட்டுவதற்காகச் சேர்த்த முன்னுரைகள் போலி என்று 1930களிலேயே தாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் எழுதிவிட்டார். ஷாவ்லின் துறவிகள் சண்டையில் இறங்கியதற்குக் கிடைக்கும் பழைய சான்று 621ஆம் ஆண்டுடையது. பிற்பாடு சீனப் பேரரசரான லீ ஷிமின் பக்கம் நின்று போரிட்டார்கள். அதில் போதிதர்மர் பெயரே இல்லை. இதைச் சொன்னால் உடனே நான் இனத்துரோகி. சிலம்பத்தில் பெருமைப்பட எவ்வளவோ இருக்கும்போது அடுத்தவன் வீட்டுக்குப் பட்டா கேட்பது எதற்கு?

சரி, கேட்டவருக்கு. உங்கள் வகுப்பில் வாரம் ஒருமுறையாவது கையுறையும் பல்காப்பும் மாட்டிக்கொண்டு, முன்கூட்டியே பேசி வைக்காமல் அடித்துக்கொள்கிறீர்களா என்று பாருங்கள். ஆம் என்றால் அங்கேயே இருங்கள், பாணி எதுவானாலும் பரவாயில்லை. இல்லை என்றால், உடம்புக்கும் மனதுக்கும் பிடித்திருந்தால் தாராளமாகத் தொடருங்கள். சண்டைக்கு மட்டும் பக்கத்தில் சாண்டா, முவாய் தாய், குத்துச்சண்டை எது இருக்கிறதோ அங்கே போங்கள். போகிற இடத்தில் முதல் மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். நான் ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டிய கூடம் நான்காம் மாதமே மூடப்பட்டது. பணம் இன்னும் வரவில்லை.