கீழ்வீட்டில் உரிமையாளரே குடியிருந்தால் சட்டம் பொருந்தாதா?

கேள்வி: அமெரிக்காவில் மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் அருகே வசிக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் இருக்கிறார். மார்ச் 9-ஆம் தேதி ஒரு டூப்ளெக்ஸ் வீட்டின் மாடிப் பகுதியை வாடகைக்குப் பார்க்கப் போனோம். கீழே உரிமையாளர் இருக்கிறார். தொலைபேசியில் நன்றாகப் பேசியவர், எங்களை நேரில் பார்த்ததும் "வீடு போய்விட்டது" என்றார். அன்று இரவு கணவர் மறுபடி கேட்டபோது, "இந்தியர்களுக்கு விடுவதில்லை, உங்கள் சமையல் வாசனை சுவரில் ஏறினால் போகாது" என்று குறுஞ்செய்தி அனுப்பினார். மறுநாள் கணவரோடு வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவர் கேட்டதும் அதே வீட்டைத் திறந்து காட்டியிருக்கிறார். கணவர் கோபத்தில், "நாங்கள் கறுப்பர்கள் இல்லை, இருவரும் படித்தவர்கள், வாடகை ஒரு நாளும் தவறாது" என்று பதில் போட்டுவிட்டார். "நான் குடியிருக்கும் வீட்டுக்கு அந்தச் சட்டமெல்லாம் பொருந்தாது" என்று உரிமையாளர் பேச்சை முடித்துக்கொண்டார். இப்போது வேறு வீட்டுக்கு மாதம் 240 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறோம். புகார் கொடுக்கலாமா? விசாவுக்குச் சிக்கல் வருமா? கணவர் அனுப்பிய குறுஞ்செய்தியை அழித்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அழிக்காதீர்கள். வழக்கு வரக்கூடும் என்று தெரிந்தபின் ஒரு செய்தியை அழித்தால், சாட்சியத்தை அழித்த பழி உங்கள் மேல் விழும். மொத்த உரையாடலையும் தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுத்து, கைப்பேசியில் மட்டும் வைக்காமல் இன்னோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். கணவர் எழுதிய அந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதில் சட்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

உரிமையாளர் சொன்னது பாதி உண்மை. 1968-ஆம் ஆண்டின் ஃபேர் ஹவுசிங் சட்டம், இனம், நிறம், மதம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்கிறது. நான்கு குடியிருப்புகளுக்கு மேற்படாத கட்டடத்தில் ஒன்றில் உரிமையாளரே வசித்தால், வீடு மறுக்கும் விஷயத்தில் அவருக்கு விலக்கு உண்டு. இதை 'மிஸஸ் மர்ஃபி விலக்கு' என்பார்கள். சொந்த வீட்டில் ஓரிரு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் ஒரு கற்பனை விதவையின் பெயர் அது. அந்தக் காலத்தில் நாடாளுமன்ற விவாதங்களில் அடிபட்ட பெயர்.

மீதிப் பாதி அவருக்குத் தெரியவில்லை. அதே சட்டத்தில், வாடகை தொடர்பாக இனத்தையோ பூர்வீக நாட்டையோ சுட்டி, இன்னாருக்கு விடமாட்டேன் என்ற பொருளில் அறிக்கையோ விளம்பரமோ செய்யக் கூடாது என்று தனிப் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவுக்கு மிஸஸ் மர்ஃபி விலக்கு கிடையாது. வாயால் சொன்னாலே பிடிபடும். அவர் எழுதியே கொடுத்திருக்கிறார். "இந்தியர்களுக்கு விடுவதில்லை" என்ற அந்த ஒரு வரியே ஒரு சட்ட மீறல்.

வீடு மறுத்ததற்கே பரிகாரம் வேண்டும் என்றால் இன்னும் பழைய சட்டத்துக்குப் போக வேண்டும். அடிமை முறை ஒழிந்த மறு ஆண்டு, 1866-இல், அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனின் மறுப்பாணையை மீறி நாடாளுமன்றம் ஒரு சிவில் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒப்பந்தம் செய்யவும், சொத்து வாங்கவும் குத்தகைக்கு எடுக்கவும் வெள்ளையருக்கு உள்ள அதே உரிமை எல்லாருக்கும் உண்டு என்பது அதன் சாரம். அதில் மிஸஸ் மர்ஃபிக்கு இடமே இல்லை. ஏறத்தாழ நூறு ஆண்டு அது அரசின் கையைக் கட்டும் சட்டமாகவே பார்க்கப்பட்டது. தனியாரையும் கட்டுப்படுத்தும் என்று நிலைநாட்டிய வழக்கு உங்கள் ஊர் வழக்கு. 1965-இல் ஜோசப் லீ ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவர், செயின்ட் லூயிஸ் கவுண்டியில் பேடக் வுட்ஸ் குடியிருப்பில் வீடு கேட்டார். கட்டுமான நிறுவனம் அவர் நிறத்தைக் காரணம் காட்டி மறுத்தது. கீழ் நீதிமன்றங்களில் தோற்றார். 1968 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் 7-க்கு 2 என்று வென்றார். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது பத்து வாரம்தான் ஆகியிருந்தது.

அதற்கு முன்பே அதே ஊரில் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் இருந்தது. 1945-இல் லபாடி அவென்யூவில் வீடு வாங்கினார்கள். கறுப்பினத்தவரும் 'மங்கோலிய இனத்தவரும்' அங்கே குடியிருக்கக் கூடாது என்று 1911-இலேயே வீட்டுக்காரர்கள் ஐம்பது ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தார்கள். அந்தத் தடையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-இல் தீர்ப்பு வந்தது. அந்த ஒப்பந்த வாசகத்தை மறுபடி படியுங்கள். ஆசியர்கள் வெளியே நின்றதும் அதே கதவுக்குத்தான்.

இனி உங்களுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று பார்ப்போம். 1866 சட்டத்தின் சொத்துப் பிரிவு 'குடிமக்கள்' என்று சொல்கிறது. விசாவில் இருப்பவர் அதைப் பிடித்தால் வழுக்கும். ஒப்பந்தப் பிரிவைப் பிடியுங்கள். அது 1870-இல் 'எல்லா நபர்களும்' என்று விரிவாக்கப்பட்டது. கலிபோர்னியாவில் வதைபட்ட சீனக் குடியேறிகளை மனத்தில் வைத்துச் செய்த மாற்றம் அது. வாடகைப் பத்திரமும் ஒப்பந்தம்தானே! வம்சாவளி, இனக்கூறுகள் காரணமான பாகுபாட்டையும் இந்தப் பிரிவு தடுக்கும் என்று 1987-இல் உச்ச நீதிமன்றம் ஈராக்கில் பிறந்த ஒரு பேராசிரியரின் வழக்கில் சொன்னது. பிறந்த நாடு மட்டுமே காரணம் என்றால் போதாது. ஆகவே புகாரில் 'இந்தியாவிலிருந்து வந்தவர்கள்' என்பதோடு நிறுத்தாமல் 'இந்திய வம்சாவளியினர்' என்று எழுதுங்கள். நேரில் பார்த்தவுடன் பேச்சு மாறியதையும் எழுதுங்கள்.

2020-இல் வந்த ஒரு தீர்ப்பின்படி, இனம் என்ற காரணம் இல்லாதிருந்தால் உங்களுக்கு வீடு கிடைத்திருக்கும் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். பல வழக்குகள் இங்கேதான் சாய்கின்றன. உங்களுக்குக் கணவரின் நண்பர் இருக்கிறார். 'வீடு போய்விட்டது' என்ற மறுநாளே அவருக்குக் காட்டப்பட்டது. வர்ஜீனியாவில் ஒரு கறுப்பினப் பெண்ணிடம் வீடு இல்லை என்றும், வெள்ளைக்காரரிடம் உண்டு என்றும் சொன்ன வழக்கில், அப்படிச் சோதிக்கவே போன அந்தப் பெண்ணுக்கும் வழக்குத் தொடர உரிமை உண்டு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. நண்பர் எத்தனை மணிக்குப் போனார், என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று இன்றே எழுதிக் கையெழுத்திடட்டும். ஆறு மாதம் கழித்து நினைவு மங்கிவிடும்.

விசாவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். புகார் கொடுக்கக் குடியுரிமை தேவையில்லை, கட்டணமும் இல்லை. புகார் கொடுத்ததற்காக யாராவது மிரட்டினால், குடியேற்றத் துறையிடம் மாட்டிவிடுவேன் என்று சொன்னால்கூட, அந்த மிரட்டலே ஃபேர் ஹவுசிங் சட்டப்படி இன்னொரு குற்றச்சாட்டாகும்.

காலக்கெடுதான் முக்கியம். 'ஹட்' என்று அழைக்கப்படும் மத்திய வீட்டுவசதித் துறையில் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். ஃபேர் ஹவுசிங் சட்டப்படி நேரே நீதிமன்றம் போவதானால் இரண்டாண்டு. மிசௌரி மனித உரிமை ஆணையத்துக்கோ 180 நாள்தான். உங்கள் கணக்கில் அது செப்டம்பர் முதல் வாரத்தோடு முடிகிறது. மாதம் 240 டாலர் கூடுதல் வாடகை, வீடு தேடி அலைந்த செலவு, மன உளைச்சல் எல்லாவற்றுக்கும் இழப்பீடு கேட்கலாம். வென்றால் உங்கள் வழக்கறிஞர் கட்டணத்தை எதிர்த்தரப்பு கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். 1866 சட்டத்தில் வழக்குப் போட உள்ளூர் வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.

இப்போது கணவரின் அந்த வரி. அவமானத்தில் வந்தது, எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நூறு ஆண்டுக்கு முன் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், நான் ஆரியன், உயர்சாதி, அதனால் வெள்ளையனே என்று வாதாடிக் குடியுரிமை கேட்டார். 1923-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. நாங்கள் 'அவர்களைப் போல் இல்லை' என்ற வாதம் நம்மவருக்கு அன்றும் கதவைத் திறக்கவில்லை. இன்று உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொரு பிரிவும் ஷெல்லிகளும் ஜோன்ஸ்களும் தோற்றுத் தோற்று வாங்கியது. 1965-க்கு முன் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்றிருந்த குடியேற்ற ஒதுக்கீட்டை ஒழித்த சட்டமும் அதே போராட்டக் காலத்தில் பிறந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தக் குறுஞ்செய்தியை எடுத்துக் காட்டினால், கணவர் வருந்துகிறேன் என்று நேராகச் சொல்லட்டும். சாக்குச் சொல்ல வேண்டாம்.

படிப்பு, சம்பளம், நல்ல குடும்பம் எதையும் புகாரின் தொடக்கத்தில் வைக்காதீர்கள். முதல் வரி இப்படி இருக்கட்டும்: "மார்ச் 9-ஆம் தேதி, நாங்கள் இந்திய வம்சாவளியினர் என்பதற்காக எங்களுக்கு வாடகை வீடு மறுக்கப்பட்டது. அதற்கான குறுஞ்செய்தியை இணைத்துள்ளோம்."